தவணையை நிறுத்தாதே, மலர்

தஞ்சோங் பகார்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மலருக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளையெல்லாம் கேட்டேன். நானும் குரல் பதிவாகவே பதில் சொன்னால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய், மாப்பிள்ளை கேட்கவே மாட்டார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இருவரும் சேர்ந்து படியுங்கள். உன் அம்மாவிடம் இப்போதைக்குக் காட்ட வேண்டாம். அக்கா நேரே கடைக்குப் போய் நின்றுவிடும்.

முதலில் ஒன்று. "ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை, அதனால் போன மாதத்திலிருந்து தவணை கட்டுவதை நிறுத்திவிட்டோம்" என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னாரே, அதை உடனே மாற்றுங்கள். பாக்கியை நாளைக்கே கட்டுங்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அது போய் விழுகிற இடம் தப்பு. ஃபிரிட்ஜை விற்றது கடை. மாதம் 98 வெள்ளி உங்களிடம் வாங்குவது கடை அல்ல, ஒரு நிதி நிறுவனம். கடைக்காரனுக்கு அவன் காசு அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. நீங்கள் கட்டாமல் விட்டால் அவனுக்கு ஒரு காசு நட்டமில்லை. தாமதக் கட்டணம் ஏறுவது உங்கள் கணக்கில், கடன் பதிவில் கறை விழுவது உங்கள் பெயரில். நாளை மாப்பிள்ளை கார் கடனுக்கோ வீட்டுக் கடன் மாற்றத்துக்கோ போனால் வங்கி பார்ப்பது அந்தப் பதிவைத்தான். ஃபிரிட்ஜ் ஏன் குளிரவில்லை என்று எந்த வங்கியும் கேட்காது.

என் சின்ன வயதில் இந்தக் குழப்பமே இல்லை. இங்கே தஞ்சோங் பகாரில் அப்பா துறைமுகக் கூலி வேலை பார்த்த காலத்தில், மளிகைக் கடையில் எல்லாம் பற்றுக் கணக்குத்தான். '555' என்று அட்டையில் போட்ட அந்தச் சின்ன நோட்டுப் புத்தகத்தில் கடைக்காரர் எழுதுவார், சம்பள நாளில் அப்பா தீர்ப்பார். அரிசியில் புழு இருந்தால் அம்மா அந்த நோட்டையே கையில் எடுத்துக்கொண்டு போய், "இதை அடித்துவிட்டுத்தான் மறுவேலை" என்பார். கடைக்காரர் முனகிக்கொண்டே அடிப்பார். சரக்கு விற்றவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள், அதனால் சண்டையும் பாக்கியும் ஒரே இடத்தில் தீர்ந்தன. இன்றைக்குக் கடைக்குள் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒரே பேனாவால் கையெழுத்து வாங்கி, இரண்டு தனித்தனி ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். வாங்குகிறவர் வெளியே வரும்போது ஒரு பொருள் வாங்கியதாகத்தான் நினைக்கிறார். இந்தப் பிரிவினைதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் என்று எனக்குப் படுகிறது. வட்டியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, நீ படம் எடுத்து அனுப்பிய காகிதத்துக்கு வருகிறேன். எழுத்து எறும்பு அளவு. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி மூன்றும் சேர்த்து விலைச் சீட்டில் 2,499 வெள்ளி. "வட்டி இல்லை, மாதம் 98 மட்டும்" என்று விற்பனையாளர் சொன்னார் என்கிறாய். 98 வெள்ளி, 36 மாதம். பெருக்கிப் பார்த்தாயா? 3,528 வெள்ளி. 1,029 வெள்ளி எங்கிருந்து வந்தது? காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில் பதில் இருக்கிறது. நீட்டித்த உத்தரவாதம் என்று 390. கடன் கட்டணம் என்று 639. அந்த 639-ஐ ஆண்டுக்கு 7.37 சதவீதம் என்று சாதுவாகப் போட்டிருக்கிறார்கள். அது முழுத் தொகைக்கும் மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்ட நிலை வட்டி. நீங்கள்தான் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்களே. குறையும் பாக்கியின்மேல் கணக்கிட்டால் 13 சதவீதத்தைத் தாண்டுகிறது. மாப்பிள்ளை பொறியியல் படித்தவர், வேண்டுமானால் அவரே போட்டுப் பார்க்கட்டும்.

அவர்கள் விற்றது ஃபிரிட்ஜை அல்ல, 98 என்ற எண்ணை. புது வீட்டுச் சாவி கையில் வந்த சந்தோஷத்தில் நிற்கிற இளம் தம்பதிக்கு மொத்தத் தொகையைச் சொன்னால் யோசிப்பார்கள், மாதத் தொகையைச் சொன்னால் தலையாட்டுவார்கள். இது உங்கள் ஊதாரித்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. பிடிஓ முறையில் புது அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தவர்களை வலைபோட்டுப் பிடிக்கவே பழகியவர்கள் அவர்கள்.

இனி ஃபிரிட்ஜ். பின்பக்கத் தகட்டில் தயாரிப்பு மாதம் இரண்டு வருடத்துக்கு முந்தையது, கதவு ஓரத்தில் ஒட்டுத்தாள் உரித்த தடம், வந்த மூன்றாம் வாரமே உறைபெட்டியில் ஐஸ் கட்டவில்லை. கடையின் ஆள் வந்து வாயு நிரப்பிவிட்டுப் போனார், மறுபடி அதே கதை. இப்போது கடை சொல்கிறது, "காட்சிக்கு வைத்திருந்தது என்று சொல்லித்தானே கொடுத்தோம்." ரசீதில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் உன் பக்கம் பலவீனம். இல்லாதது உனக்குப் பலம்.

சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2004 மார்ச் முதல் நடப்பில் இருக்கிற பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வணிகம்) சட்டத்தின்படி, வாங்குகிறவரை ஏமாற்றும் வகையில் ஒன்றைச் சொல்வது மட்டுமல்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமற்ற நடைமுறை. புதியது அல்லாததைப் புதியது என்று விற்பதும் நியாயமற்ற நடைமுறைகளின் பட்டியலில் இருக்கிறது. அதே சட்டத்தில் 2012 செப்டம்பரில் இன்னொரு பகுதி சேர்ந்தது. பத்திரிகைகளில் லெமன் சட்டம் என்று எழுதுவார்களே, அதுதான். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கிற வேலை விற்றவருடையது. அவர் முதலில் பழுது பார்க்க வேண்டும் அல்லது வேறு பொருள் தர வேண்டும், அதுவும் நியாயமான காலத்துக்குள், உனக்குப் பெரிய தொல்லை இல்லாமல், தன் செலவில். அது நடக்கவில்லை என்றால் விலையைக் குறைக்கவோ பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கவோ உனக்கு உரிமை உண்டு. உங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்து இன்னும் நான்கு மாதம் ஆகவில்லை. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று கடை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஆறு மாதம் தாண்டிவிட்டால் நிரூபிக்கிற பாரம் உன் தலைக்கு மாறிவிடும்.

கடனைப் பொறுத்தவரை ஒரு கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய படத்தில் முதல் பக்கத்தின் தலைப்பு வெட்டுப்பட்டிருக்கிறது. அதில் ஹைர் பர்ச்சேஸ் என்று இருக்கிறதா, வெறும் லோன் என்று இருக்கிறதா? ஹைர் பர்ச்சேஸ் என்றால் கடைசித் தவணை வரைக்கும் ஃபிரிட்ஜ் சட்டப்படி நிதி நிறுவனத்தின் சொத்து. அதை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ கூடாது. ஆனால் அதிலே உனக்கு ஒரு நன்மையும் உண்டு. 20,000 வெள்ளி வரையிலான வீட்டுப் பொருள்களுக்கு அந்த முறைக்கென்றே 1969-இலிருந்து ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. பேரம் பேசும்போது கடைக்காரன் சொன்ன பொய்க்கு நிதி நிறுவனமும் பதில் சொல்ல வேண்டிவரும். நிதி நிறுவனத்தைப் பார்த்து, சொத்து உன்னுடையது என்கிறாய் அல்லவா, அப்படியானால் பொறுப்பையும் ஏற்றுக்கொள் என்பதுதான் அதன் நியாயம். வெறும் லோன் என்றால் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

பிரிட்டனில் இந்த விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆம் பிரிவு என்று ஒன்று. 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையிலோ கடை ஏற்பாடு செய்த கடனிலோ வாங்கினால், விற்றவன் செய்த மோசடிக்குக் கடன் கொடுத்தவனும் சேர்ந்து பொறுப்பு. நம் ஊரில் அப்படிப் பொதுவான சட்டம் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. இப்போது இளையவர்கள் கைபேசியில் தட்டி வாங்குகிற 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' கணக்குகளுக்கு 2022-இல் தொழில்துறை ஒரு நடத்தை விதி வகுத்துக்கொண்டது. கூடுதல் தகுதிச் சோதனை இல்லாமல் ஒரு நிறுவனத்தில் 2,000 வெள்ளிக்கு மேல் பாக்கி வைக்க விடக்கூடாது என்று அதில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கெட்டுப்போன பொருளுக்கு யார் பதில் சொல்வது என்ற நம் கேள்வியை அது தொடவில்லை.

என் வீட்டிலிருந்து மேக்ஸ்வெல் உணவு நிலையத்துக்குத் தேநீர் குடிக்க நடக்கும்போது நகர மறுசீரமைப்பு ஆணையக் கட்டடத்தைத் தாண்டித்தான் போவேன். அதற்குள்தான் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் இயங்குகிறது. "மாமா, அங்கேயே போய் மனு கொடுத்துவிடுங்களேன்" என்று நீ கேட்பாய். அந்த ஆணையம் உன் ஒரு ஃபிரிட்ஜுக்காக வழக்காடாது. திரும்பத் திரும்ப ஏமாற்றுகிற கடைகளை விசாரித்து நீதிமன்றத்தில் தடை ஆணை கேட்பது அதன் வேலை. ஆனால் உன்னைப் போன்றவர்கள் கொடுக்கிற புகார்கள்தான் அதற்குத் தீனி.

ஆணையத்துக்கு அந்த விசாரிக்கிற அதிகாரம் வந்த கதை உனக்கு நினைவிருக்கும். 2014 நவம்பரில், சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில். வியட்நாமிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தொழிலாளி, காதலிக்குப் பரிசாக ஐஃபோன் வாங்க மொபைல் ஏர் என்ற கடைக்குப் போனார். 950 வெள்ளி கொடுத்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு உத்தரவாதத்துக்கு இன்னும் 1,500 வெள்ளி கட்டினால்தான் கைபேசி என்றார்கள். அந்த மனிதர் கடையில் மண்டியிட்டு அழுத காணொளியை ஊரே பார்த்தது. அதே கடை, ஒரு பெண்ணுக்கு 1,010 வெள்ளி திருப்பித் தரச் சொல்லிச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் ஆணையிட்டபோது, பை பையாகச் சில்லறைக் காசைக் கொண்டுவந்து கொட்டியது. கடை உரிமையாளருக்கு 2015 நவம்பரில் 33 மாதச் சிறையும் 2,000 வெள்ளி அபராதமும் கிடைத்தன. அடுத்த வருடக் கடைசியில் சட்டத்தைத் திருத்தி, விசாரிக்கிற அதிகாரத்தை ஓர் அரசாங்க அமைப்பிடம் கொடுத்தார்கள். 2018 ஏப்ரலில் அது இந்த ஆணையத்துக்கு வந்தது. ஒருவர் மண்டியிட்ட பிறகுதான் இதெல்லாம் நகர்ந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உன் காகிதத்தில் இருக்கிற 390 வெள்ளி உத்தரவாதமும் அதே சரக்குத்தான், அங்கே மிரட்டி விற்றார்கள், உன்னிடம் சிரித்து விற்றார்கள். "தவணையில் எடுத்தால் இது கட்டாயம்" என்று விற்பனையாளர் சொன்னதாக ஒரு பதிவில் சொல்கிறாய். வாயால் மட்டும் சொன்னாரா, எழுத்தில் இருக்கிறதா? அவர் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய "வட்டி கிடையாது, எல்லாம் உள்பட 98" என்ற செய்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதே. உன் கையில் இருக்கிற மிகப் பெரிய ஆயுதம் அதுதான். இப்போதே படம் எடுத்து மாப்பிள்ளையின் கைபேசியிலும் ஒன்று போட்டுவை.

இனி செய்ய வேண்டியது. ஃபிரிட்ஜின் வரிசை எண்ணை வைத்து அதைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கு எழுதிக் கேள். அது எப்போது தயாரானது, உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று அவர்கள் எழுதித் தந்தால் கடைக்காரனின் வாய் பாதி அடைந்துவிடும். வெளி ஆளைக் கூப்பிட்டுப் பழுது பார்க்காதே, "நீங்களே கெடுத்துவிட்டீர்கள்" என்பார்கள். பிறகு கடைக்கு ஒரு மின்னஞ்சல். தொலைபேசியில் கத்துவதால் சாட்சி எதுவும் மிஞ்சாது. எப்போது வந்தது, என்ன குறை, எப்போது பழுது பார்த்தார்கள், என்ன கேட்கிறாய், எந்தத் தேதிக்குள் வேண்டும், அவ்வளவு போதும். திட்டு வேண்டாம். நிதி நிறுவனத்துக்கும் அதன் நகலோடு ஒரு கடிதம்: தவணையைக் கட்டுகிறோம், ஆனால் பொருள் பற்றித் தகராறு இருக்கிறது, எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று.

கடை இடையில் கூப்பிட்டு, "பணம் தர முடியாது, 300 வெள்ளிக்குக் கடைச் சீட்டு தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லும். போடாதே. முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரி அதில் எங்காவது ஒளிந்திருக்கும்.

பதில் வரவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம். 1971-இலிருந்து இருக்கிறது, எல்லாரும் கேஸ் என்றுதான் சொல்வோம். அவர்கள் உனக்காகக் கடையோடு பேசுவார்கள், சமரசத்துக்கு அழைப்பார்கள். கடையைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் சங்கத்தின் கடிதத் தலைப்பைப் பார்த்தால் பல கடைகளுக்குக் குரல் இறங்கிவிடும். வழக்குக்குப் போக நேர்ந்தால் அதில் கடையை மட்டும் போடுவதா, நிதி நிறுவனத்தையும் சேர்ப்பதா என்பதையும் அங்கேயே கேள். இது ஒப்பந்தத்தின் வகையைப் பொறுத்தது, நான் இங்கிருந்து யூகிக்கக்கூடாது.

அதிலும் முடியவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், ஹேவ்லாக் ஸ்குவேரில் அரசு நீதிமன்றக் கட்டடத்தில். நீதிமன்றம் என்றதும் மாப்பிள்ளை முகம் சுளிப்பார், தெரியும். வக்கீலுக்கு அங்கே இடமே இல்லை, இரண்டு பக்கமும் அவரவரே பேச வேண்டும். 2019 நவம்பரிலிருந்து 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கேட்கிறார்கள், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. இணையத்திலேயே சிங்பாஸ் அடையாளக் கணக்கை வைத்துப் பதிவு செய்யலாம். முதலில் பதிவாளர் முன்னால் இருவரையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள், ஒத்துவரவில்லை என்றால்தான் விசாரணை. ஆங்கிலத்தில் தடுமாறுவாய் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு.

எல்லாம் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஃபிரிட்ஜ் விஷயத்தில் நீ ஜெயிப்பாய் என்றே நினைக்கிறேன். உத்தரவாதத்தின் 390-க்குப் போராடலாம். கடன் கட்டணம் 639 கஷ்டம், அது காகிதத்தில் இருக்கிறது, கீழே உன் கையெழுத்தும் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தி எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது. தொலைக்காட்சியும் துவைக்கும் இயந்திரமும் நன்றாக ஓடுகின்றன என்பதால் அவற்றைத் திருப்பித் தர முடியாது. கடையில் போய் வாங்கியதற்கு, மனசு மாறிவிட்டது என்று திருப்பித் தருகிற உரிமை கிடையாது. வீடு தேடி அழைக்காமல் வந்து விற்கிறவர்களிடம் வாங்கினால்தான் ஐந்து வேலை நாள் அவகாசம். இன்னொன்று, மன்றம் ஆணையிட்டாலும் பணத்தை வசூலிப்பது தனி வேலை. கடை மூடிவிட்டால் ஆணையை வைத்து என்ன செய்வது? அதனால்தான் சொல்கிறேன், கடை நடந்துகொண்டிருக்கும்போதே போ.

இதையெல்லாம் படித்துவிட்டு, "1,000 வெள்ளிக்காக இவ்வளவு அலைச்சலா, விட்டுத்தொலைப்போம்" என்று மாப்பிள்ளை சொன்னால், அந்தக் கடை நம்பியிருப்பதே அந்த வார்த்தையைத்தான் என்று சொல். உன் அம்மா சாங்கி விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்து உன்னைப் படிக்கவைத்தது. அக்காவுக்கு 1,000 வெள்ளி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் இங்கே வாருங்கள், அத்தை மீன் குழம்பு வைக்கிறேன் என்கிறாள். ரசீது, ஒப்பந்தம் முழுசாக, தவணை கட்டிய விவரம், பின்பக்கத் தகட்டின் படம், அந்த விற்பனையாளரின் செய்திகள், எல்லாவற்றையும் எடுத்து வா. கடைக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை இங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடலாம். அதற்கு முன்னால் திங்கட்கிழமை காலையில் போன மாதத் தவணையைக் கட்டிவிட்டு எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
மாமா